சீப்பில் இருந்த முடி

இப்போதெல்லாம் கைதட்டக்கூட ஜனங்களுக்குச் சோம்பல். விரலைச் சொடுக்கிவிட்டுச் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கடைசி நாற்காலியில் கிழவர் முணுமுணுக்கிறார். மேடையில் அவர் மகள், மடியில் கிட்டாரோடு, அம்மா செத்ததைக் கவிதையாகச் சொல்லி நடிக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் ஈரக் கன்னத்தில் மினுங்குகிறது. அம்மாவின் சீப்பில் இருந்த முடியைச் சொல்லும்போது குரல் உடைகிறது. நேற்றைய காட்சியிலும் அங்கேதான் உடைந்தது. கூட்டம் கலைந்ததும் அவரிடம் வருகிறாள்.

“எப்படிப்பா இருந்துச்சு?”

“உங்கம்மாவத் தூக்கினப்ப ஒரு சொட்டு வரலியேம்மா உனக்கு.”

“அன்னைக்கு வரல. இங்கதாம்பா வருது.”

“டிக்கெட் வாங்கினாத்தான் வருமோ?”

அவள் மேடைக்குத் திரும்புகிறாள். அவர் படியிறங்குகிறார். ஆளில்லாத அரங்கில் அதே வரி, அதே இடத்தில் உடைகிறது. ஒத்திகையாக்கும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்.