வார் இல்லாத செம்கெட்

"செம்கெட், நீ இங்க உட்காராதே. டீ போடுற இடத்துக்குப் போ," என்றேன்.

நைரோபியிலிருந்து சமாதான நிறுவனத்துக்காரர்கள் எங்கள் பெண்கள் குழுவைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் இடுப்பில் வார் கட்டி வந்திருந்தோம். பிள்ளை வயிற்றிலிருக்கும்போது கட்டுகிற, சோழி தைத்த தோல்வார். மகன் துப்பாக்கியோடு அடுத்த இனத்தாரின் மாடுகளைக் கொள்ளையடிக்கக் கிளம்பினால், தாய் அதை அவிழ்த்து வழியில் போடுவாள். எங்கள் போகோட் இனத்துப் பையன் எவனும் அதைத் தாண்ட மாட்டான்.

செம்கெட்டின் இடுப்பு மட்டும் இரண்டு வருஷமாக வெறுமையாக இருந்தது.

"சந்தையில எந்த வெள்ளைக்காரனுக்குடி வித்தே?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

"ஓரமா உட்கார்ந்துக்கறேனே, அக்கா. வீட்ல பேச ஆளில்ல. இங்க வந்தாதான் நாலு குரல் காதுல விழுது."

இரண்டு வருஷம் முன்னால் போன அவள் மகன் லோக்வாங், டவுனில் மூட்டை தூக்குகிறான். தாயை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வாரை விற்றவளை எந்த மகன் மதிப்பான்?

"உன்னை இப்படிப் பார்த்தா எங்க மானம் போகும். இன்னைக்குன்னு இல்ல, இனிமே வரவே வேண்டாம்," என்றேன். தலைவி நான்தானே.

அவள் எழுந்து டீ போடுற இடத்துக்குப் போனாள்.

வந்தவர்கள் கேட்டார்கள். "ரெண்டு வருஷமா பக்கத்து துர்கானாக்காரங்களோட ஒரு சண்டைகூட இல்லையே, எப்படி?"

"எல்லாம் எங்க கூட்டத்தாலதான். வளர்ப்பும் இருக்கு. என் மகன் தானுண்டு தன் ஆடுண்டுன்னு இருக்கான், பாருங்க," என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். பிறகு, துர்கானா பெண்களையும் பார்க்க வேண்டும் என்று எல்லைக் கணவாய்க்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். உள்ளதைச் சொன்னால், சமாதானம் சமாதானம் என்று வாய் கிழியப் பேசிய எங்களில் ஒருத்தியும் அந்தப் பக்கம் போனதில்லை. பயம்.

அங்கே துர்கானா பெண்களின் தலைவி அகாய் நின்றிருந்தாள். பாதை நடுவில் ஒரு வார் கிடந்தது. வெயிலில் சுருண்டு, நுனியில் ஒரு சோழி உடைந்து. அந்த உடைந்த சோழியை எனக்குத் தெரியும், செம்கெட்டின் வார்தான். எடுக்கக் குனிந்தேன்.

அகாய் என் கையைப் பிடித்தாள். "தொடாதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க பசங்க துப்பாக்கியோட இதுவரைக்கும் வந்தாங்க. இதைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. எந்தத் தாய் போட்டாளோ தெரியல. நாங்க சுத்தித்தான் நடக்கிறோம்."

கையை இழுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது செம்கெட் தனியாக டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் வாரைப் பார்த்தேன். ஏன்டி சொல்லல?"

"சொன்னா போலீஸ்காரங்க யார் யாருன்னு கேட்பாங்க. லோக்வாங்தான் முன்னாடி நடந்தான்."

"வார் கீழே கிடக்கிற வரைக்கும் பெத்த மகன் உன் வாசல்ல கால் வைக்கக் கூடாதுங்கறது நம்ம வழக்கமாச்சே."

"தெரியும். 'எடுத்துடும்மா, வந்துடறேன்'னு ஆள் மேல ஆள் அனுப்பறான். எடுத்துட்டா நான் போட்ட தடையும் போயிடும்."

எனக்கு அழுகை வந்தது. "ரெண்டு வருஷம் போதும். நாளைக்கே போய் எடுத்துட்டு வரலாம். நானும் வர்றேன்."

அவள் கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னைக்கு லோக்வாங் பக்கத்துல நின்னது உங்க பையன்தான், அக்கா. வாரை எடுத்தா என் மகன் வீட்டுக்கு வருவான். உங்க மகன் கிளம்பிடுவான்."