இளைத்தால் பரிசு

கல்யாணமான நாளிலிருந்து "குண்டம்மா" என்றே கூப்பிட்டு வந்த கணவர், ஒருநாள் திடீரென்று எடை பார்க்கும் மெஷினோடு வீட்டுக்கு வந்தார்.

"நீ இளைக்க இளைக்க ஒவ்வொண்ணா வாங்கித் தரேன். என்ன வேணும், சொல்லு!"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கரையை விட்டாள், ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். கைக்கடிகாரம் வந்தது, தோடு வந்தது. அதையெல்லாம்விட, காலையில் அவர் கூடவே நடக்க வந்ததுதான் அவளுக்குப் பெரிது. தன் அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடக்க, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த மனுஷன் அவளுக்காக நேரம் ஒதுக்கினாரே!

"உன் வீட்டுக்காரருக்கு இப்பத்தான் நீ கண்ணுல பட்டிருக்க" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்தபோது, அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

கடைசிப் பரிசாக, பெரிய ஆஸ்பத்திரியில் முழு உடம்புப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கணவரிடம் சொன்னார்: "நாங்க சொன்னபடியே இளைக்க வெச்சுட்டீங்க! ஈரல்ல கொழுப்பே இல்ல. இனி இவங்க ஈரல்ல பாதியை எடுத்து உங்க அண்ணனுக்குத் தாராளமா வைக்கலாம்." பிறகு அவளைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதம்தானேம்மா?" என்றார்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"என் ரத்தம் அண்ணனுக்குச் சேரல..."

"கேட்டிருந்தாலே குடுத்திருப்பேனேங்க" என்றாள் அவள். "எதுக்கு இப்படி ஆசை காட்டினீங்க?"

அவர் டாக்டர் பக்கம் திரும்பி, "எப்ப அட்மிட் பண்ணணும்?" என்று கேட்டார்.