கதவைத் திறக்காதீர்கள்

பிள்ளைகள் ஆசை தீரப் படம் எடுக்கட்டும் என்று சஃபாரி பூங்காவில் சிங்கத்தின் எதிரே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார் மெக்கானிக். அதுதான் தப்பாகிப் போனது.

திரும்பச் சாவியைத் திருப்பினால், டிக் என்று ஒரு சத்தம். அதோடு சரி.

அந்தச் சத்தமே அவருக்குப் போதும். பேட்டரி முனையில் ஒயர் தளர்ந்திருக்கிறது. பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரால் ஒரு முறுக்கு. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது.

ஆனால் பானெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஆண் சிங்கம் கால் நீட்டிப் படுத்திருந்தது. எழுந்து போகிற உத்தேசமே அதற்கு இல்லை. கதவைத் திறக்காதீர்கள், கண்ணாடியை இறக்காதீர்கள் என்று வழி நெடுகப் பலகை வேறு.

"ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் அப்பா ஓட வச்சிடுவாரு. நம்ம வண்டியத் தவிர!"

பின் சீட்டிலிருந்து மகள் சொல்ல, தம்பிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டார். விடுமுறைக் கூட்டம், ஜீப் வரும், பொறுமையாக இருங்கள் என்றார்கள். பின்னால் வந்த கார்கள் ஒதுங்கிப் போயின. போகிற போக்கில் சிங்கத்தையும் இவர்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஏசி இல்லாமல் உள்ளே புழுங்கியது. பக்கத்தில் மனைவி, பூங்கா வரைபடத்தை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் ஆன உடம்பு. நெற்றியெல்லாம் வியர்வை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வராத குறை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கோளாறு. என்ன செய்ய முடிகிறது?

அவளுக்காகத்தான் இந்தப் பயணமே. ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையைச் சாத்தாத மனிதர், தொடர்ந்து விடுமுறை வருகிறது என்றதும் தானாகவே கிளம்பினார். பிள்ளைகளுக்கு நம்பவே முடியவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். வயிற்றில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று எல்லோருக்கும் சொன்னதே அவர்தான்.

சிங்கம் கொட்டாவி விட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள்.

அந்தச் சத்தத்தின் மறைவில் மனைவி அவர் பக்கமாகச் சாய்ந்தாள்.

"என்னைத் திறந்து பாத்துட்டு, ஒண்ணும் பண்ணாமலே மூடிட்டாங்க. அப்படித்தானே?"

வீட்டில் அவள் இந்தப் பேச்சை எடுக்கப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு எங்கிருந்தோ ஒரு வேலை முளைத்துவிடும். எதுவும் அகப்படாவிட்டால் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

சொல்லத் தெரியாதவர் இல்லை. இன்ஜின் போன வண்டிக்காரர்கள் எத்தனையோ பேரைத் தோளில் தட்டி, இனிமேல் செலவு பண்ணாதீங்க, ஓடுற வரைக்கும் ஓட்டுங்க என்று அனுப்பிவைத்தவர்தான். டாக்டர் அவரிடம் சொன்னதும் ஏறக்குறைய அதையேதான்.

அவர் கை தன்னால் கதவின் பிடிக்குப் போனது. சிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவள் அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜீப் வர்றதுக்குள்ள சொல்லிடுங்க."