ஏழு சீட் வேன்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தத்தில் ஒரு சொகுசு வேன் இருந்தது. கட்டில் போலச் சாயும் சீட், தானாகத் திறக்கும் கதவு என்று அதற்கு ஏகப்பட்ட வசதி. ஏழு பேர் போகலாம். ஆனால் தினமும் ஏறுவது முதலாளி தணிகைவேலும் டிரைவரும் மட்டும்தான்.

"அக்கா, உன்மேல எத்தனை பேர் ஏறுறாங்க?" என்று அது பக்கத்து ஸ்கூட்டரைக் கேட்டது.

"நாலு பேர், தம்பி. மூச்சு முட்டும். ஆனா கலகலன்னு இருக்கும்."

வேனுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஒரு மழைக் காலையில் ஸ்கூட்டர் கிளம்பவே இல்லை. அதன் சொந்தக்காரர் ஃபெலிக்ஸ் உதைத்து உதைத்துக் களைத்துப்போனார். மனைவியும் இரண்டு மகள்களும் பதறி நின்றார்கள்.

"பெரியவளுக்கு இன்னைக்குப் பரீட்சை, தம்பி" என்று ஸ்கூட்டர் அழுதது.

வேன் யோசிக்கவில்லை. யாரும் தொடாமலே கதவை அகலத் திறந்தது.

அப்போதுதான் வந்த தணிகைவேல், திறந்த கதவையும் அந்தக் குடும்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏறுங்க சார், போற வழியில விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே அத்தனை இடம் இருந்தும், நால்வரும் பழக்கத்தில் பின்சீட்டில் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரே சிரிப்பு.

தெருமுனை தாண்டியதும் தணிகைவேல் திரும்பினார்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காருவீங்களா? நானும் அங்கேயே வந்துடறேன்."

ஐந்து பேர் பாரத்தில் பின்சீட் முனகியது. வேன் அதை "சும்மா இரு" என்று அடக்கிவிட்டு, வேகத்தடைமேல் மெல்ல ஏறி இறங்கியது.