தண்டம்

காதுக் கருவி விற்கும் கடையின் கண்ணாடி மேசையில் வெயில் சாய்ந்து கிடக்கிறது. அண்ணன் பர்ஸிலிருந்து நோட்டுகளைப் பாதி வெளியே இழுக்கிறான், பெருமூச்சு விடுகிறான், மறுபடியும் உள்ளே தள்ளுகிறான். தன் பங்கை வந்தவுடனே வைத்துவிட்ட தங்கைக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "குடுக்கிறதை முகம் கோணாமக் குடேன்ண்ணே." "எண்பது வயசுக்கு மேல அம்மா என்னத்தைக் கேக்கப் போறாங்க? இதுக்குப் போய் இவ்வளவு தண்டம் அழணுமா?" "மெதுவாப் பேசு." "கத்தினாலே அவங்களுக்குக் கேக்காது, விடு." அவர்களுக்குப் பின்னால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் காதில் கருவியைப் பொருத்தி முடித்த கடைக்காரப் பெண் கையை எடுக்கிறாள். அம்மா முதலில் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு மெல்லத் திரும்பி மகனைப் பார்க்கிறாள். அண்ணனோ இன்னும் நிறுத்தவில்லை. "நல்லாக் கறக்குறாங்க நம்மகிட்ட" என்கிறான். கடைக்காரப் பெண் குனிந்து, "கேக்குதாம்மா?" என்கிறாள். அம்மா மடியில் இருக்கும் பையின் வாரைத் தடவிக்கொண்டே, "எல்லாம் தெளிவாக் கேக்குது" என்கிறாள். அண்ணனின் விரல்கள் பர்ஸுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தங்கை அதை வெடுக்கென்று பிடுங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் எண்ணாமல் மேசைமேல் கொட்டுகிறாள்.