வாய் திறக்காத தலைவர்

“நாலு மணிக்குள்ள முடிவு எடுத்தாகணும். அவசரப்பட்டுட்டு அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டுப் பிரயோஜனம் இல்ல,” என்றார் பல் டாக்டர்.

நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டார். வலது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. நாலு நாளாகத் தண்ணீர்கூடச் சரியாக இறங்கவில்லை என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

“பயப்படாதீங்க, உங்க பல்லைச் சொல்லல. அதைப் பிடுங்கியே ஆகணும், யோசிக்க ஒண்ணும் இல்ல.” டாக்டர் அவர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை நுழைத்தார். “நான் கில்ட்ல சேர்றதைப் பத்திச் சொல்றேன்.”

மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. அது வேலை செய்யப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் டாக்டர் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார். கேட்பவர் குறுக்கே பேச முடியாது என்பது வசதிதான். பதிலும் சொல்ல முடியாது என்பதில்தான் அவருக்கு வருத்தம்.

“ஃபோன்ல ஒரு சண்டை ஆட்டம் சார். நாப்பது பேர் படையாச் சேர்ந்து அடிச்சா அதுக்குப் பேரு கில்ட். நான் ஆறு வருஷமா ஒத்தை ஆளா அலையறேன். முன்னாடி ஒரு தடவை சேர்ந்தேன். எல்லாருமா கோட்டைச் சுவர்ல ஏறிக்கிட்டு இருக்கிற நேரம், ஒரு அம்மா கடைவாய்ப் பல்லைப் பிடிச்சுக்கிட்டு அலறிக்கிட்டே வந்தாங்க. எழுந்து போயிட்டேன். கோட்டை போச்சு. ‘உனக்குப் பல்லு பெருசா, படை பெருசா’ன்னு கேட்டு வெளியே தள்ளிட்டாங்க.”

முப்பத்தொன்பது பேர் ஒரே நாளில் கைகழுவியதை டாக்டரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அதன் பிறகு ஒருத்தரும் கூப்பிடவும் இல்லை.

“இப்பக் காட்டெருமைப் படைன்னு ஒண்ணு கூப்பிடுது. தலைவர் பேரு ஒற்றைக்கொம்பு. போன வாரம் என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டார். பல் டாக்டர்னேன். எந்தத் தெருன்னார், சொன்னேன். அடுத்த நிமிஷமே, ‘வாங்க, உங்களை உபதலைவர் ஆக்குறேன்’ங்கறார்.”

“ங்ஆ,” என்றார் நாற்காலிக்காரர்.

“அதேதான். எனக்கும் சந்தேகமா இருக்கு. பல் டாக்டருக்குப் படையில என்ன வேலை?”

“சேர்ந்து தொலைங்க சார்,” என்றாள் நர்ஸ். “நாலு நாளா இதே புராணம். நேத்து இந்த யோசனையிலதான் ஒருத்தருக்கு நல்ல பல்லைப் போய்த் தட்டிக்கிட்டு இருந்தீங்க.”

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “ஒரே ஒரு நிபந்தனைதான் வெச்சேன். ‘ஒரு தடவை குரல்ல பேசுங்க, உடனே சேர்றேன்’னேன். பேசவே மாட்டேங்குறார். எல்லாத்துக்கும் டைப் அடிச்சுத்தான் பதில். கேட்டா, ‘இப்ப முடியாது, நம்புங்க’ங்கறார். ரெண்டு வார்த்தை பேசினா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

நாற்காலிக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு விரலால் தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

“படபடப்பா? பல் பிடுங்க வர்ற எல்லாருக்கும் இருக்கிறதுதான்.”

அவர் தலையை ஆட்டி, வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

“ஓ, இன்னும் மரத்துப்போகலையா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன,” என்று டாக்டர் இன்னொரு ஊசியை ஏற்றினார். அதற்குப் பிறகு நாற்காலிக்காரருக்கு ‘ங்ஆ’கூட வரவில்லை. கண்களை மட்டும் அகல விழித்துக்கொண்டு கிடந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. நாலு மணிக்குப் பெரிய சண்டை. அதற்குள் பதில் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக ஒற்றைக்கொம்பு நேற்றே சொல்லியிருந்தார். டாக்டரின் இரண்டு கைகளிலும் உறை. அவருடைய ஃபோன் நர்ஸ் கையில் இருந்தது.

“எழுதும்மா. ‘வாயைத் திறக்காத தலைவனை நம்பி நான் வர முடியாது.’ அனுப்பிடு.”

“நல்லா யோசிச்சீங்களா சார்?”

“குரலை ஒளிக்கிறவன் நாளைக்கு எதை வேணும்னாலும் ஒளிப்பான். அனுப்பு.”

நர்ஸ் அனுப்பினாள். அனுப்பிய மறுகணமே டாக்டருக்கு மனசு கனத்தது. ஆறு வருஷத்தில் தன்னை வா என்று கூப்பிட்ட ஒரே கூட்டம் அது. இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

“நான் செஞ்சது சரிதானே சார்?” என்று திறந்து கிடந்த வாயைப் பார்த்துக் கேட்டுவிட்டு, விரல்களை உள்ளே விட்டுப் பல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

நாற்காலிக்காரர் மார்பில் விரித்திருந்த துணிக்கு அடியில் கையை விட்டு எதையோ அவசர அவசரமாகத் தடவிக்கொண்டிருந்தார்.

“கையை ஆட்டாதீங்க சார். பல்லுல பிடி நழுவுது.”

நர்ஸின் கையில் இருந்த ஃபோன் ‘டிங்’ என்றது.

“ஒற்றைக்கொம்பு பதில் போட்டிருக்கார் சார்.”

“திட்டியிருப்பான். பரவாயில்ல, படி.”

நர்ஸ் ஒரு முறை மனசுக்குள் படித்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

“‘முதல்ல என் வாயிலேர்ந்து கையை எடுங்க டாக்டர், பேசுறேன்.’”