எதிராளியின் வேகம்

"புருஷன் எழுந்து நிக்க முடியாம கெடக்கறான். இவ இன்னாடான்னா ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமா கேமை நோண்டிகினு கீறா."

மாமியார் ஞானகுமாரி காம்பவுண்ட் சுவரோரம் நின்று பக்கத்து வீட்டு தாயம்மாளிடம் சொன்னது, உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஷைலாவுக்கு நன்றாகவே கேட்டது.

பதில் பேசினால் அடுத்த அறையில் படுத்திருக்கும் கணவன் இவானுக்கும் கேட்கும் என்று கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

இவான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டராக இருந்தவன். தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். குணமாக்க மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் கால் போனது. இப்போது கை போய்க்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனுக்கு ஒரு பழைய பைக் ரேஸ் கேம் என்றால் உயிர். படுத்த பிறகு அதுதான் பொழுது. அந்த கம்ப்யூட்டரோடு சேர்த்த டிவி கட்டிலுக்கு எதிரே இருந்தது; கேம் ரிமோட்டைப் பிடித்துப் படுத்தபடியே ஆடுவான்.

ஒருநாள் தொடர்ந்து தோற்றான். ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"கையும் போச்சு ஷைலா. இனிமே இன்னா கீது?"

சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவன், அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. யாரோடும் பேசவில்லை.

அந்த கேமைச் செய்த கம்பெனியை என்றோ மூடிவிட்டார்கள். எதிரே ஓடும் பைக்குகளின் வேகத்தைக் குறைக்க அதில் வழி கிடையாது. ஷைலாவுக்கு சாஃப்ட்வேர் வேலை. கேமின் ஃபைலைத் திறந்தாள். உள்ளே வெறும் எண்கள், முடிவே இல்லாமல். எந்த எண் அந்த வேகம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒருதடவை தவறான இடத்தில் கை வைத்ததில், கேம் திறக்கவே மறுத்துவிட்டது.

அதனால் அதற்கென்றே சின்னதாக ஒரு டூல் எழுதினாள். திறந்தால் இப்போதைய வேகம் தெரியும். கீழே ஒரு கட்டம், ஒரு பட்டன். புது எண்ணைப் போட்டு அழுத்தினால், பழைய ஃபைலை காப்பி எடுத்து வைத்துவிட்டு அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றும். யார் அழுத்தினாலும் தப்பு வராது.

"ஒரே ஒரு ஆட்டம் ஆடேன். எனக்காக" என்று கெஞ்சினாள்.

ஆடினான். ஜெயித்தான்.

"பாத்தியா? கை தேறிக்கிட்டு வருது" என்றாள்.

"அப்படித்தான் தெரியுது" என்று சிரித்தான். அன்றைக்கு இரண்டு தோசை சாப்பிட்டான்.

அவன் கை தளரத் தளர, அவனுக்குத் தெரியாமல் ஷைலா எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தாள். தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஜெயிப்பதைப் பார்ப்பாள். ஞானகுமாரி மட்டும் அந்த நேரத்தில் அறைக்குள் வரவே மாட்டாள்.

"அந்த எழவு கேமைத் தூக்கிப் போடு. புருஷன் பொண்டாட்டி நாலு வார்த்தை பேசுங்க" என்பாள்.

இந்த வீட்டில் தான் ஒருத்திதான் அவனுக்காகப் பாடுபடுகிறோம் என்று ஷைலாவுக்குத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை. ஷைலா சர்ச்சில் பூசை முடிந்து வந்து இவானுக்குக் காபி கொடுத்தாள். டம்ளரைப் பிடிக்க அவன் விரல்கள் மடங்கவில்லை. ஷைலாவே ஊட்டிவிட்டாள். அவன் கண் அயர்ந்ததும் போய் டூலைத் திறந்தாள்.

அவள் கடைசியாக வைத்தது நாற்பது. திரையில் பதினைந்து என்று இருந்தது.

மறுபடி பார்த்தாள். பதினைந்துதான்.

அடுப்படியில் ஞானகுமாரி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"ஆமா."

"ஏன் இப்படிப் பண்ணீங்க? இவ்வளவு மெதுவா ஓடினா அவனுக்குச் சந்தேகம் வராதா? நான் குறைக்கிறது தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான் அத்தை."

ஞானகுமாரி குழாயை மூடினாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

"அவனுக்கு மொத நாளே தெரியும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நடிச்சிகினு கீறீங்க. அதைப் பாக்க முடியாமத்தான் தூக்கிப் போடுன்னு கத்துறேன்."

"அப்ப... அந்த பதினைஞ்சு?"

"அவன் சொல்லித்தான் நான் அழுத்தினேன். 'விரலு சுத்தமா வரலம்மா. ஷைலா வர்றதுக்குள்ள இன்னும் கொஞ்சம் கொறைச்சு வெச்சுடு. நான் தோத்தா அவ தாங்க மாட்டா'ன்னான்."